பொன்னுரங்கத்தின் இருநூற்றுப் பதினோராவது மனு

பொன்னுரங்கத்தின் காருக்குப் பின்னால் நின்றிருந்த சோதனை அதிகாரி இருமி முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

“சிவப்பு,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எதுங்க சிவப்பு? வண்டி வெள்ளை. நல்லாப் பாருங்க.”

“வண்டியைச் சொல்லல சார், புகையைச் சொல்றேன். பச்சைன்னா வரி கம்மி, மஞ்சள்னா நடுத்தரம், சிவப்புன்னா ஜாஸ்தி. உங்களுக்கு வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்.”

சிதம்பரத்தில் அந்த மாதம்தான் புகை வரி வந்திருந்தது. சோதனை முறையில், சிதம்பரத்துக்கு மட்டும். கடலூரில் கிடையாது, சேத்தியாத்தோப்பில்கூடக் கிடையாது. வண்டி விடும் புகைக்கு ஏற்ப வருஷா வருஷம் வரி. கட்டாவிட்டால் வண்டி காயலான் கடைக்குப் போகும்.

பொன்னுரங்கம் வேளாண்மை ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சைக்கிள் மிதித்துவிட்டு, ரிடயர் ஆன பணத்தில் ஒரு பழைய டீசல் காரை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. தெருமுனைக் கடையில் உப்பு வாங்கக்கூட அதில்தான் போவார். நடந்தால் ஒரு நிமிஷம், காரில் போனால் நிறுத்த இடம் தேடிப் பத்து நிமிஷம். இருந்தாலும் காரில்தான் போவார். அந்தக் காரைக் காயலான் கடைக்கு அனுப்ப எவனுக்கு என்ன தைரியம்!

“ஒத்த ரூபா கட்டமாட்டேன். வண்டியையும் வுடமாட்டேன்,” என்றார். “மனு போடுவேன்.”

மனு போடுவது அவருக்குக் காபி குடிப்பது மாதிரி. கடலூரில் ஒரு பெரிய ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் பொதுமக்களிடம் மனு வாங்குவார்கள். பதினான்கு வருஷமாகப் பொன்னுரங்கம் அங்கே ஆஜர். வேலையில் இருந்தபோது கோயில் திருவிழாவுக்குக்கூட எடுக்காத லீவை மனுவுக்கு எடுத்தார். தெருவிளக்கு, தெருநாய், கொசு, ரேஷன் அரிசியில் கல் என்று அவர் மனு போடாத விஷயமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பச்சை மையில் கையெழுத்துப் போடுவது பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் உள்ள உரிமை. சூப்பிரண்டுக்கு அந்த யோகம் கடைசிவரை வாய்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் தீர, மனுக்களில் எல்லாம் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். இதுவரை இருநூற்றுப் பத்து மனு. ரசீதுகளை ஒரு கம்பியில் குத்திக் கூடத்தில் மாட்டியிருந்தார். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

“இருநூத்திப் பத்துக்கு வராத பதிலு இதுக்கு மட்டும் வந்துடுமா?” என்றாள் மனைவி ராஜாமணி. “பேசாம வண்டியைத் தள்ளிவுட்டுட்டு பேட்டரி ஸ்கூட்டர் ஒண்ணு வாங்குங்க.”

“அதுல பின்னாடி நீ உக்காருவியா?”

“நான் ஆட்டோவுல போயிக்கிறேன்.”

திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் மறுசோதனை ஒன்று உண்டு என்று தெரிந்ததும், கீரப்பாளையம் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் கதிரவனிடம் காரைக் கொண்டுபோனார்.

“பம்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணிட்டா பச்சையே வரும் மாமா,” என்றான் கதிரவன். கழற்றினான். மாட்டினான். ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் மிச்சம் இருந்தன. “இதெல்லாம் எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் சும்மா போட்டிருப்பான்.”

வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டுச் சந்திரலேகா டீச்சர் கொடியில் காயப்போட்டிருந்த சந்தனக் கலர் பட்டுப்புடவை சாம்பல் கலர் ஆனது. மறுசோதனையில் மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றே போயிற்று.

“சிவப்புக்கு மேல கலர் கிடையாது சார்,” என்றார் அதிகாரி. “அதனால ரெட்டை சிவப்புன்னு போட்டுக்கிறேன். முப்பத்தாறாயிரம்.”

பொன்னுரங்கத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “நான் ஒருத்தன்தான் புகை வுடுறனா? எங்க தெருவுக்கு வந்து பாருங்க! அன்புமணி டிராவல்ஸ் வேன் எப்படி வுடுது தெரியுமா? டீச்சரம்மா கார் மட்டும் என்னா, சாம்பிராணியா போடுது?”

அதிகாரி நிதானமாகப் பேனாவை எடுத்தார். “பேரையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க சார்.”

கோபத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் தெருவில் ஆறு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. ஆறும் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே அவர் வாசலில் நின்றது.

“ஏன் மாமா, நாங்க செவனேன்னு வண்டி ஓட்டிக்கிட்டுக் கெடந்தோம்,” என்றான் அன்புமணி. “எங்களை எதுக்குக் கோத்துவுட்டீங்க?”

ராஜாமணி கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டாள். பொன்னுரங்கம் பின்வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

“தப்பு எம்மேல இல்லப்பா. இந்த வரியைக் கண்டுபுடிச்சான் பாரு, அவன் மேல. அது என்னா சிதம்பரத்துக்கு மட்டும் வரி? கார் வாங்க வக்கில்லாத எவனோ ஒரு பொறாமை புடிச்ச பய போட்டுக் குடுத்திருக்கான். அவன் யாருன்னு நாளைக்குக் கண்டுபுடிக்கிறேன். காலையில எல்லாரும் வண்டியை எடுங்க, கடலூருக்குப் போவோம்!”

தெருவின் கோபம் அப்படியே திசை மாறியது.

“கண்டுபுடிச்சு நேரா நம்ம தெருவுக்கு இழுத்துட்டு வாங்க சார்,” என்றார் சந்திரலேகா டீச்சர். “என் பட்டுப்பொடவைக்கும் சேத்து அவனை நான் கவனிச்சுக்கிறேன்.”

திங்கட்கிழமை காலை ஏழு வண்டிகள் கடலூருக்குக் கிளம்பின. முன்னால் பொன்னுரங்கம். பு.முட்லூரில் டீக்கடைக்காரர் ஊர்வலத்தைப் பார்த்ததுமே பால் பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஆலப்பாக்கம்வரை ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்தார். பொன்னுரங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பின்னால் ஒரு கூட்டம் வந்தது.

பெரிய ஆபீஸில் இருநூற்றுப் பதினோராவது மனுவை மேஜைமேல் வைத்தார். மனு வாங்கும் அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், இது மேல இருந்து வந்த உத்தரவு. நான் என்னா பண்ண முடியும்?”

“உத்தரவு சும்மா வராதுங்க. முப்பது வருஷம் நானும் ஃபைல் தூக்குனவன். அடியில ஒரு காகிதம் இருக்கும், அதுல ஒருத்தன் கையெழுத்து இருக்கும். அதைக் காட்டுங்க.”

“அதெல்லாம் காட்ட...”

“காட்டாம நவுரமாட்டோம்!” பொன்னுரங்கம் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற ஆறு வண்டிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். டீச்சர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“எவன் யோசனை?” என்று கத்தினார் பொன்னுரங்கம்.

“காட்டு ஃபைலை!” என்றது தெரு.

மனு கொடுக்க வந்த மற்றவர்களும் எழுந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த அதிகாரி, தலைவலி தாங்காமல் ஆபீஸ் உதவியாளர் தமிழ்மணியைக் கூப்பிட்டு அந்த ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

தமிழ்மணி தூசி தட்டிக்கொண்டே வந்தான். கயிற்றை அவிழ்த்து, எல்லாக் காகிதத்துக்கும் அடியில் இருந்ததை உருவினான். அதைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“சத்தமாப் படிப்பா,” என்றார் பொன்னுரங்கம். “எங்க தெருக்காரங்க எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்த மனுங்க,” என்று தமிழ்மணி படித்தான். “‘சைக்கிளில் செல்வோர் மூச்சுவிட முடியவில்லை. ஆகவே புகை விடும் வண்டி எவனுடையதாக இருந்தாலும் அதன் புகைக்கு ஏற்ப வரி விதித்து, முதலில் எங்கள் சிதம்பரத்தில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’”

“கேட்டீங்களா, பொறாமை புடிச்ச பயலை!” என்று பொன்னுரங்கம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “பேரைப் படி தம்பி, பேரை!”

தமிழ்மணி காகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

“திங்கக்கெழமை தவறாம வந்து அலைஞ்சீங்களேய்யா, கடைசில உங்க மனு ஒண்ணுக்கு நடவடிக்கை எடுத்துட்டாங்க பாருங்க, இதோ உங்க பச்ச மை கையெழுத்து!”