சீப்பு வைத்திருந்த மொட்டை

பள்ளங்கி,
5.6.1982

மரியாதைக்குரிய மச்சான் கணபதி அவர்களுக்கு, மைத்துனன் மாயாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் சம்சாரம் வேலம்மாள் நாவலப்பிட்டியில் உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். தாய்மாமன் நான் இல்லாமலே அக்கா மகள் லீலாவை மணவறையில் உட்காரவைத்துத் தாலி கட்டி முடித்திருப்பீர்கள். நன்றாக இருங்கள்.

நான் வேண்டுமென்றே வரவில்லை என்று அக்கா அழுதிருக்கும். நடந்ததைக் கேளுங்கள். பாஸ்போர்ட் கிடைத்தால் நானும் வேலம்மாளும் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தோம். கிடைத்தது, கடல் தாண்டி உங்கள் ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முதல் நாள் போட்டோம். ஒரே நாவிதர், ஒரே கத்தி, ஒரே சந்தனம். பாஸ்போர்ட் படத்தில் இருவருக்கும் தலை கொள்ளாத முடி என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. விமான நிலைய வாசலில் நின்ற போலீஸ்காரர், "பழனிக்கா போயிட்டு வர்றீங்க?" என்று திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு உள்ளே விட்டார். பெண்களைத் திரைக்குப் பின்னால் சோதித்தார்கள். வேலம்மாளின் சுருக்குப்பையில் இத்தனை பெரிய பாக்குவெட்டி. சோதித்த அம்மாள் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பாக்குவெட்டியோடு அனுப்பிவிட்டாள். என்னைத் தடவிய அதிகாரிக்குச் சட்டைப்பையில் அகப்பட்டது சீப்பு. "மொட்டைத் தலைக்கு எதுக்குய்யா சீப்பு?" என்றார். "பழக்கமுங்க" என்றேன். பாஸ்போர்ட்டை விரித்தார். "சீப்பு இந்தப் படத்துல இருக்கற ஆளோடது. நீ யாரு?" என்றார். "அந்தா போறாளே, அவளும் மொட்டைதானுங்க, அவளை விட்டுட்டீங்களே" என்றேன். "அது அவங்க சோலி" என்று பெஞ்சில் உட்காரவைத்தார். வேலம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒருத்தராவது கல்யாணத்தில் நிற்கட்டும் என்று நான் போகச் சொல்லிக் கையசைத்தேன். விமானம் கிளம்பியதும் சீப்பைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்றார்கள்.

எழுபத்திரண்டில் அங்கே தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை இந்தக் கரைக்குக் கப்பலேற்றியபோது எவனும் முகத்தைப் பார்க்கவில்லை. போ என்றார்கள், வந்தோம். இப்போது போகிறேன் என்றால் நீ யார் என்கிறார்கள். அது சர்க்கார், கெடக்கட்டும். நீங்கள் கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கக் கூடாதா மச்சான்? அந்தப் புள்ளையத் தோள்ல சுமந்துக்கிட்டு மலையெல்லாம் திரிஞ்சவன் நானு. மனசு ஆறலை. இனி நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

லீலாவும் மாப்பிள்ளையும் பிள்ளைகுட்டியோடு நன்றாக வாழட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வேலம்மாளை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மாயாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது உங்கள் தந்தி வந்தது. மாமன் வந்து கையைப் பிடித்தால்தான் மணவறைக்கு வருவேன் என்று லீலா எழுந்திருக்கவே இல்லையாமே. முகூர்த்தத்தை ஆனி மூன்றாம் தேதிக்குத் தள்ளிவிட்டீர்களாமே. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நாளை வெள்ளனே முதல் பஸ்ஸில் மலையிறங்குகிறேன். தலையில் எள்ளளவு முடி முளைத்திருக்கிறது. இப்போது நான் படத்தில் இருக்கிறவனும் இல்லை, அவர்கள் அன்று பார்த்த மொட்டையும் இல்லை. இருந்தாலும் வருகிறேன். பிள்ளையை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள்.