ஒன்பது அமைச்சர்களின் எட்டு மணி

தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். தேடிப் போனவர்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தங்கள் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்த நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் கோட்டையும் கடைத்தெருவும். அக்கரையில் ஆஸ்பத்திரியும் ஆலைகளும். நடுவில் பாலம் கட்டுவதாக மூன்று தலைமுறையாக அடிக்கல் மட்டும் நாட்டிக்கொண்டிருந்ததால், எல்லோருக்கும் படகுதான் கதி. அந்தப் படகுகளின் கால அட்டவணையை இருபத்திரண்டு வருஷம் எழுதியவர் தில்லைநாயகம். ஒரு நாளும் ஒரு நிமிஷம் பிசகியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவர் மனைவி செங்கமலம் அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியானம் ஒரு மணிக்கு டியூட்டிக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு முடியும். ஒன்பதேகால் கடைசிப் படகில் திரும்புவாள். நாள் முழுக்க ஆளுக்கொரு கரையில் இருப்பவர்கள் எதிரெதிரே உட்காருவது அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். தில்லைநாயகம் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருந்த மனிதரின் வாழ்க்கையில்தான் டிவி புகுந்தது.

நாட்டின் முதல் தனியார் சேனலுக்கான உரிமம், தகுதியானவர்களை நாடெங்கும் சல்லடை போட்டுத் தேடிய பிறகு, ஒலியொளித் துறை அமைச்சர் கஜபூஷணத்தின் மச்சானுக்குக் கிடைத்தது. உரிமத்தில் ஒரு சின்ன ஷரத்து இருந்தது. கோட்டை மணிக்கூண்டுக்கு எண்ணெய் போடும் வேலை இனி அரசுக்கு வேண்டாம். தாழை டிவியில் அடிக்கும் மணியே நாட்டின் அதிகாரபூர்வ நேரம். சேனல்காரர்கள் ஒவ்வொரு மணியையும் ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். காலை ஆறு மணியைப் பல்பொடிக்காரர் வாங்கினார். இரவு ஒன்பதைக் கூந்தல் தைலக்காரர் வாங்கினார். மணியோடு ஒரு பாட்டும் சேர்ந்து கேட்பதால் மக்களுக்கும் சந்தோஷம்தான்.

படகுகளை மோதாமல் விட்டவர் நிகழ்ச்சிகளையும் மோதாமல் விடுவார் என்று தில்லைநாயகத்தை நிகழ்ச்சி நிரல் அதிகாரியாகப் போட்டார்கள். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, மோதுவதற்கே அங்கே நிகழ்ச்சி இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்ப ஒரு சமையல்காரர், ஒரு ஜோசியர், எட்டுப் பழைய படம். காலையில் வைத்த வத்தக்குழம்பையே சாயங்காலமும் வைத்துக் காட்டினார்கள். ஜோசியர் வராத நாளில் சமையல்காரரே ராசிபலனும் சொன்னார்.

உருப்படியாக அமைந்தது ஒன்றே ஒன்று. மரகதம் என்கிற மருமகளின் தொடர். அவள் புருஷன் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் படுத்திருந்தான். அவன் கண் திறப்பானா மாட்டானா என்பதுதான் கதை. தில்லைநாயகம் அதை இரவு எட்டு மணிக்குப் போட்டார். ஒரே மாதத்தில், எட்டு மணி ஆனால் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. மக்கள் மொத்தமாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற செய்தி கோட்டைக்கு எட்டியது. ஒன்பது அமைச்சர்களும் தங்கள் சாதனைகளை விளக்க நேரம் கேட்டார்கள். ஒன்பது பேரும் கேட்டது எட்டு மணியை.

கஜபூஷணம் வீட்டுக் கல்யாணத்தில்கூட மேடைத் தமிழில்தான் பேசுவார். இதற்காக அவர் கூட்டிய கூட்டத்தில் தில்லைநாயகம் நிரல் தாளை விரித்து, எட்டு மணி ஒரு நாளைக்கு ஒன்றுதான் வருகிறது என்று பணிவாக விளக்கினார். நாளுக்கு ஒருவர் பேசலாமே என்றார். வாரத்துக்கு ஏழு நாள்தான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாரம் அமையாததற்கு முந்தைய ஆட்சியே காரணம் என்று குறிப்பெழுதப்பட்டது. ஏழு மணி, ஒன்பது மணி என்று மாற்றிச் சொன்னால், அது கீழ்நிலை அமைச்சர்களுக்கு உரியது என்று பதில் வந்தது. கீழ்நிலை அமைச்சர் யார் என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. இப்படியே நாலு மணி நேரம் போயிற்று. தில்லைநாயகத்துக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“அப்ப ஒன்பது பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் எட்டு மணியாவே இருக்கணும் சார். வேற வழி எனக்குத் தெரியல” என்றார்.

தாழைநாட்டு அதிகாரிகளுக்குக் கிண்டல் புரியாது. அதற்கான தேர்வு அவர்களுக்கு வைக்கப்படுவதில்லை. மறுநாள் காலை அரசிதழில் வந்துவிட்டது: அமைச்சர் பெருமக்கள் உரையாற்றி நிறைவு செய்யும்வரை இரவு எட்டு மணி நீடிக்கும்.

முதல் வாரம் எட்டு மணி ஒன்றரை மணி நேரம் நீண்டது. அமைச்சர்கள் பேச ஆரம்பித்ததும் மக்கள் டிவியை அணைப்பதாகக் கணக்கு வந்தது. தில்லைநாயகத்துக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. மரகதம் தொடரை ஒன்பது துண்டாக நறுக்கி, அமைச்சருக்கு அமைச்சர் நடுவில் ஒரு துண்டு போட்டார். அமைச்சர் பால்வளத்தைப் பற்றிப் பேசி முடித்தால் மரகதம் ஒரு முறை அழுவாள். அடுத்தவர் சாலைகளைப் பற்றிப் பேசினால் புருஷனின் சுண்டு விரல் அசைவதுபோல் இருக்கும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சேனல் முதலாளி தில்லைநாயகத்துக்குச் சால்வை போர்த்தினார்.

பிறகு துணை அமைச்சர்களும் வந்தார்கள். எட்டு மணி மூன்று மணி நேரமாயிற்று. ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கினார்கள். ஆலையில் ஒன்பது மணிக்குச் சங்கு ஊத வேண்டியவன் சங்கடத்தோடு மணியைப் பார்த்தபடி நின்றான். படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். செங்கமலம் வீடு வந்து சேர்வதற்குள் ரசம் ஆறி, அப்பளம் நமுத்து, தில்லைநாயகம் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருப்பார். இருவரும் பேசிக்கொள்வது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் அவள் ஒரு காகிதத்தை அவர் முன்னால் போட்டாள். ஒன்பது மணிக்குப் போட வேண்டிய ஊசியை ஒரு நோயாளிக்கு எட்டு மணிக்கே போட்டதற்காக விளக்கம் கேட்டு மெமோ.

“அந்தாளுக்கு மூச்சு வாங்குது. எட்டுலயே நாலு மணி நேரம் போயிருச்சு. நான் என்ன, உங்க மணிக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா?” என்றாள்.

‘உங்க மணி’ என்று அவள் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே போய்க் கஜபூஷணத்திடம் முறையிட்டார். அமைச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேரம் தவறாமையை வலியுறுத்தி ஒரு துணை அமைச்சர் தினமும் எட்டு மணிக்கு உரையாற்ற ஏற்பாடு செய்தார்.

நாட்டை ஆண்டவருக்கு நாடாள்வார் என்று பட்டம். ஐந்து வருஷத்துக்கு முன்பு ஜோசியர் குறித்த நல்ல நேரமான இரவு ஒன்பது மணிக்குப் பதவியேற்றவர். அதனால் அவர் பதவிக்காலமும் ஒன்பது மணிக்கே முடியும். சட்டப்படி, ஐந்து வருஷம் நிறையும் நாளில் ஒன்பது அடித்ததும் அரசு முத்திரையை நீதிமண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு தேர்தல்.

அந்த நாளும் வந்தது. நாடாள்வாரே ஸ்டூடியோவுக்கு வந்தார். நிரல் தாளில் கஜபூஷணம் தன் கைப்பட எழுதியிருந்தார்: எட்டு மணி, நாடாள்வாரின் நன்றியுரை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“ஒன்பது மணிக்கு என்ன போடட்டும் சார்?”

“உரை நிறைவுற்ற பின் ஒன்பது.”

“உரை எப்ப முடியும்?”

“நன்றிக்கு எல்லை உண்டா, தில்லைநாயகம்?” என்றார் கஜபூஷணம்.

நாடாள்வார் நன்றி சொல்ல ஆரம்பித்தார். மக்களுக்குச் சொன்னார். ஆற்றுக்குச் சொன்னார். பாலத்தின் அடிக்கற்களுக்குத் தனித்தனியாகச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நிலா ஏறி, உச்சி தாண்டி, இறங்க ஆரம்பித்தது. மணி எட்டு. மரகதம் தொடர் ‘இதோ சில நிமிடங்களில்’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. அதை ஓடவிட்டதும் தில்லைநாயகம்தான்.

ஃபோன் அடித்தது. செங்கமலம்.

“ஏங்க, கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நீங்க போடுற மணிதானே? ஒரே ஒரு தடவ போடுங்க. நான் வீட்டுக்கு வரணும்.”

அவர் ஃபோனை வைத்துவிட்டு நேரே மணி அறைக்குப் போய், யாரையும் கேட்காமல் ஸ்விட்சைத் தட்டினார். கூந்தல் தைலப் பாட்டோடு நாடெங்கும் ஒன்பது அடித்தது. நாடாள்வார் பாதி வார்த்தையில் நின்றார். நீதிமண்டபத்தில் நீதிபதிகள் எழுந்தார்கள். அக்கரையில் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். கஜபூஷணம் வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சுத் தமிழில் ஏதோ முனகினார்.

உடனே சேனலில் இருந்த அத்தனை ஃபோனும் அடித்தன. நாடே தனக்கு நன்றி சொல்ல அழைக்கிறது என்று நினைத்துத் தில்லைநாயகம் முதல் ஃபோனை எடுத்தார்.

“என்ன சார் அநியாயம் இது? எட்டு மணி சீரியல் இன்னும் போடவே இல்ல. அதுக்குள்ள ஒன்பதுன்னா எப்படி? மரகதம் புருஷன் கண்ணத் தொறந்தானா இல்லையா?”

இரண்டாவது ஃபோனும் அதேதான். மூன்றாவதில் பேசியவர் கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். சற்று நேரத்தில் தூக்கக் கண்களோடு ஒரு பெருங்கூட்டம் கோட்டை வாசலில் திரண்டு, எட்டு மணியைத் திரும்பக் கொடு என்று கோஷம் போட்டது. நாடாள்வார் கண்களைத் துடைத்துக்கொண்டு, மக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எட்டு மணி மீண்டும் அமலுக்கு வருவதாக அறிவித்தார். நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.

தில்லைநாயகத்தை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இவ்வளவு பெரிய மக்கள் எழுச்சிக்கு வழி செய்தவர் என்று இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

பொழுது விடிந்தது. சூரியன் நன்றாக மேலே ஏறி வந்தபோது கஜபூஷணம் ஜன்னலைக் காட்டி, “காலை எட்டு. நம் கடிகாரமும் எட்டு. எங்கே பிழை?” என்று கேட்டார். அப்போதுதான் செங்கமலத்தின் ஃபோன் வந்தது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நடு ஆறு வரைக்கும் வந்துட்டேங்க. திரும்ப எட்டுன்னு படகத் திருப்பிட்டாங்க. இப்ப காலை எட்டாம், அடுத்த டியூட்டி ஆரம்பிச்சிருச்சு. மத்த நர்ஸுங்க எல்லாம் உங்க கரையில நிக்கிறாங்க. அதனால நானேதான் பாக்கணும். அந்த ரசத்தக் கொட்டிருங்க.”

சரி என்றார். அவள் உடனே வைக்கவில்லை.

“வார்டுல எல்லாரும் கேக்கச் சொல்றாங்க. அந்தப் புருஷன் எப்பதான் கண்ணு முழிப்பான்?”

தில்லைநாயகம் மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். தொடரின் கதாசிரியருக்கு அமைச்சர் அலுவலகத்திலிருந்து அன்று காலை வந்த உத்தரவு அது. ஒரே வரிதான்.

“இப்போதைக்கு இல்ல” என்றார்.