ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னது நான்தான்

போடிநாயக்கனூர்,
பங்குனி 25

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் செல்லக்கிளி அவர்களுக்கு, மகாராணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் ஏலத்தோட்டமும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் வீட்டுக்காரர், சம்பந்தி அண்ணனின் இடுப்புவலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

கல்யாண வரவேற்பைக் கெடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என் மகள் முத்துப்பிரியாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன்.

உங்கள் வீட்டை ஒட்டிய கடற்கரையில் மேடை போட்டது நீங்கள். "அந்தியில ஆமைக்குஞ்சு கடலுக்குப் போகுமாம், வாங்க பார்க்கலாம்" என்று எல்லோரையும் கூட்டிப்போனதும் நீங்கள். முட்டைக்குழிகளைக் காவல் காக்கும் அருணா என்ற பெண், தொடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று பணிவாகத்தான் சொன்னாள். நாங்கள் மலைக்காரர்கள், வாயை மூடிக்கொண்டு நின்றோம். உங்கள் கொழுந்தனார் பாண்டித்துரைதான் கயிற்றைத் தாண்டிப்போய் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து செல்ஃபி எடுத்தார். "கீழ விடுங்கண்ணே, அது என்ன பலகாரமா?" என்று நான் கேட்டது தப்பா?

அப்புறம் மேடை விளக்குகளைப் போட்டீர்கள். கடலைப் பார்த்து நடந்த குஞ்சுகள் அத்தனையும் திரும்பி மேடையைப் பார்த்து வர ஆரம்பித்தன. அருணா பதறிப்போய், "வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல்னு அதுக நினைக்கும்மா, கொஞ்ச நேரம் அணைச்சிருங்க" என்று உங்களிடம் கெஞ்சினாள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நல்ல நேரம் முடிஞ்சிரும், ஆமையை அப்புறமா வரச் சொல்லு!" பந்திக்கு நின்ற கூட்டத்தின் காலடிக்குள் அந்தச் சின்ன ஜீவன்கள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஜெனரேட்டர்காரரிடம் போய் "அணைப்பா" என்றேன். "அம்மா சொல்லணுமே" என்றார். "நான் பொண்ணுக்கு அம்மா" என்றேன். அணைத்துவிட்டார்.

பாட்டுக்காரர் பாதிப் பாட்டில் நின்றதும், சம்பந்தி அண்ணன் இருட்டில் தடுமாறி ஆறிப்போன பாயச அண்டாவுக்குள் உட்கார்ந்ததும் உண்மைதான். "யாரும் நகராதீக, காலடியில பச்சப்பிள்ளைக கிடக்கு!" என்று நான் கத்தியதில் உங்கள் சொந்தக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றதும் உண்மை. ஆனால் குஞ்சுகள் திரும்பின. அந்தி வெளிச்சம் மிச்சமிருந்த கடலுக்குள் ஒவ்வொன்றாக இறங்கின. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையை விட்டு இறங்கிவந்து கயிற்றுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து பார்த்தார்கள். முத்துப்பிரியா அழுதது சந்தோஷத்தில். உங்களுக்கு அது புரியவில்லை.

நாளைக்கே இன்னொரு தரம் நடந்தாலும் அணைக்கத்தான் சொல்வேன். நீங்கள் போடிக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்வரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். மாப்பிள்ளை அழகுராஜாவுக்கு என் ஆசி. பாண்டித்துரைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
துளியும் வருத்தப்படாத
மகாராணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது உங்கள் போன் வந்தது. நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "மன்னிச்சிருங்க மதினி, அவசரப்பட்டுட்டேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. நீங்களும் அழுதுகொண்டே, "விடுங்க மதினி, இந்த வாரம் இன்னொரு குழி பொரிக்குதாம், மாடி லைட்டெல்லாம் அணைச்சே வச்சிருக்கேன், வாங்க" என்றீர்கள். நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனசில்லாமல் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். தயவுசெய்து எனக்குச் சாப்பாடு போட்ட பிறகு பிரித்துப் படியுங்கள்.