ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு கத்திரிக்கோல்

உங்க வீட்டு ஃப்ரீஸர்ல மத்தி மீனுக்குப் பக்கத்துல கத்திரிக்கோல் வெச்சுக் காவல் காத்திருக்கீங்களா? நான் காத்திருக்கேன்.

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல எலியோட ஜீனைப் படிச்சுக்கிட்டிருந்த சமயம். அங்கே ஃப்ரீஸர் படுத்திருச்சு. அன்னைக்குப் பார்த்து ஹர்த்தால், ஊரே கடையடைப்பு! மெக்கானிக் எங்கே வருவார்?

ஒரு சின்ன டியூபை ஐஸ் பிளாஸ்க்ல வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"செல்வி, இது ரீகாம்பினேஸ்னு ஒரு என்சைம், கத்திரிக்கோல் மாதிரி. ஜீன்ல ரெண்டு பக்கமும் குறி போட்டு வெச்சா, நடுவுல உள்ளதை வெட்டி எடுத்துட்டு முனைகளை ஒட்டிடும்."

"கிழிஞ்ச இடத்தை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கிற மாதிரியா?"

"அதேதான். வெளிநாட்டுலேர்ந்து வர மாசக்கணக்காச்சு. கெட்டுப்போனா என் தீசிஸ் அம்போ. ஃப்ரீஸரைத் திறக்காதே!"

சொல்லிட்டு சைக்கிள்ல கிளம்பிட்டார்.

திறக்காதேன்னா கை சும்மா இருக்குமா? திறந்தேன். மீன் கல்லு மாதிரி இருக்கு. ஐஸும் கல்லு. டியூப்ல மட்டும் தண்ணி ஆடுது!

போச்சு! நம்ம ஃப்ரீஸருக்குத் தெம்பில்லை!

பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, டியூபை ஐஸோட தூக்குவாளியில போட்டு ஓடினேன். முக்குல நாகர்கோவில் அண்ணாச்சி கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. குனிஞ்சு நுழைஞ்சேன்.

"அண்ணாச்சி, உங்க ஐஸ்கிரீம் பெட்டியில இதுக்கு ஒரு இடம் குடுங்க."

"பிள்ளைக்கு மருந்தாம்மா?"

"இல்லை அண்ணாச்சி, கத்திரிக்கோல்."

அண்ணாச்சி டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தண்ணியால்லா இருக்கு?"

"அதுதானே பிரச்சனை!"

வெச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்து பார்த்தோம். தண்ணி. திரும்பத் திறந்தோம். தண்ணி!

"ஏம்மா, என் ஐஸ்கிரீம்தான் உருகுது. உன் கத்திரிக்கோல் உறையக் காணோமே!"

அதுக்குள்ளே வீட்டுக்கு வந்து ஃப்ரீஸர்ல டியூப் இல்லாததைப் பார்த்துட்டு, வேர்க்க வேர்க்க என்னைத் தேடி வந்தார் அவர்.

"அது உறையவே உறையாது! உறையக்கூடாதுன்னுதான் கிளிசரின் கலந்திருக்கு!"

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ திறப்பேன்னு தெரிஞ்சால்ல சொல்லியிருப்பேன்!"

பக்கத்துல அண்ணாச்சி இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார்.

மறுநாள் அந்த டியூபை எடுத்துக்கிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்கு ஓடினேன்.

"வெட்டுச்சா?"

"வெட்டுச்சு. ஒட்டவும் செஞ்சுது."

அப்பாடா! ஆனா மனுஷன் உள்ளே வராம, கையில பிளாஸ்க்கோட வாசல்லயே நெளிஞ்சார்.

"மெக்கானிக் இன்னும் வரலை, செல்வி. நம்ம ஃப்ரீஸரை நீ திறந்துக்கிட்டேதான் இருப்பே. அண்ணாச்சிகிட்ட இன்னும் ரெண்டு நாளைக்கு இடம் கேட்டுப் பாரேன்."