ரிக்செண்டா பிழைத்துக்கொண்ட சங்கடம்

மனிதகுலத்தின் இழிவுகளுக்கெல்லாம் பாலாடைக்கட்டியே மூலகாரணம் என்ற மாபெரும் உண்மையைக் கண்டறிந்த பெருமை அந்தக் காலத்து லாங்டாக் மலைநாட்டில் ‘நல்லவர்கள்’ எனப்பட்ட கிறிஸ்தவத் துறவிகளையே சாரும். அவர்கள் கணக்கில் இவ்வுலகைப் படைத்தவன் சாத்தான். ஆகவே இறைச்சி, முட்டை, பால் எல்லாம் அவனுடைய சமையல். நல்லவர்களிலும் நல்லவர் சிகார்ட். வெண்ணெய் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காதவர். தமது அடக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்.

சாகக் கிடந்த ரிக்செண்டாவின் தலையில் அவர் சுவிசேஷத்தை வைத்து ஜெபித்து, அவளைப் பரலோகத்துக்குத் தயார்செய்தார். அதன்பின் அவள் தண்ணீர் தவிர எதையும் தொடக்கூடாது. தொட்டால் தூய்மை கெடும். ஏற்பாடுகள் அனைத்தும் திருப்திகரமாக இருந்தன. ஒரே ஒரு குறை: ரிக்செண்டாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

“சாமி, அம்மா எழுந்து உக்காந்துட்டா! பசிக்குதுங்கறா,” என்றாள் மகள் மெங்கார்டா.

“அது உடம்பு கேக்குதும்மா. ஆன்மா கேக்கல.”

“ரெண்டுக்கும் ஒரே வாய்தானே சாமி?”

“கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. நேரா பரலோகம்.”

“நான் எங்கயும் போகல. வெங்காயம் நடணும்,” என்றது படுக்கை. “ஆனா வாயில ஏதாவது போட்டா கழுதையாப் பொறப்பேன்னு சொல்லிட்டீங்களே! நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

சிகார்டுடன் வந்திருந்த இன்னொரு நல்லவரான உக் தாடியைத் தடவினார். “சட்டத்துல ஒரே வழிதான் அண்ணே. சடங்கு செஞ்சவர் பாவம் பண்ணினா, அவர் செஞ்சதெல்லாம் செல்லாது. உங்ககிட்டப் பாவத்துக்கு எங்க போறது!”

சிகார்ட் கிழவியின் காய்ந்த உதடுகளைப் பார்த்தார். அடுப்பில் மெங்கார்டா தனக்காக வைத்திருந்த கோழிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஓர் அகப்பை மொண்டு குடித்தார். பிறகு இன்னொன்று. இரண்டாவது அகப்பைக்கு இறையியல் காரணம் எதுவும் இல்லை.

“ஐயோ அண்ணே! நீங்க கரையேத்தின அத்தனை பேரும் பரலோகத்துலேருந்து விழுந்துடுவாங்களே!”

“விழட்டும். கடவுள் பிடிச்சுக்குவாரு,” என்றார் சிகார்ட். “ரிக்செண்டா, நீ பழையபடி பாவிதான். சாப்பிடும்மா.”

அவள் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். தம்முடைய கருணையைப் பற்றி நிகழ்த்தவேண்டிய பிரசங்கத்தின் முதல் வரி சிகார்டின் மனதில் அழகாகத் திரண்டது.

ரிக்செண்டா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“போன பனிக்காலத்துல, உங்க ஜெபம் முடிஞ்சப்புறம், என் வீட்டுக்காரரும் கொஞ்சம் சாறுதான் கேட்டாரு. அன்னிக்கு உங்களுக்குப் பசிக்கலையா சாமி?”