குழாயும் தூக்கிய கையும்

நான் அதிகம் பேச மாட்டேன். பேசாமல் இருந்தால் வம்பு வராது என்று நினைத்தவன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் பேசியே ஆக வேண்டியிருந்தது. அதுவும் ஒரே ஒரு வார்த்தை. மாட்டேன்.

அன்றைக்குப் பார்த்து என் வாயில் ரப்பர் குழாய்.

அறுபதுகளில் நடந்தது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. சைக்கிள் உண்டு. (சொந்த சைக்கிள். அப்போது மாப்பிள்ளைக்கு அதுவே போதும்.) பாலசமுத்திரத்தில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா நாச்சிமுத்து மாமா, அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. தென்னந்தோப்பு. ஒரே மகள் செல்லாத்தா. எனக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்ததாம்.

ஒரே ஒரு தகராறு. கல்யாணம் முடிந்ததும் நான் மில்லை விட்டுவிட்டு அவர் தோப்பைப் பார்க்க வேண்டுமாம். வீட்டோடு மாப்பிள்ளை. மில்லில் தெரிந்தால் சங்குக்குப் பதில் என்னைத்தான் ஊதுவார்கள்.

“யோசிச்சுச் சொல்றோம்ணே” என்று அம்மா எழுந்துவிட்டாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பினாள்.

“அவரு நேர்ல வந்து கேப்பாரு. நீயே மாட்டேன்னு சொல்லிரு அப்பு. நான் சொன்னா அண்ணன் தங்கச்சிக்குள்ள பொல்லாப்பு.”

“சரி” என்றேன்.

அடுத்த வாரம் கண் மஞ்சளானது. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். கண் இன்னும் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“பித்தம் இறங்குற பாதை அடைச்சிருக்கு. கல்லா இருக்கலாம்” என்றார் டாக்டர். உள்ளே எட்டிப் பார்க்கிற வசதி அன்று கிடையாது. “வாய் வழியா ட்யூப் விட்டுப் பார்ப்போம். பித்தம் வந்தா நல்லது. வரலேன்னா மதுரைக்குப் போய் வயித்தைத் திறக்கணும்.”

அம்மாவுக்கு வயிற்றைவிடப் பெரிய கவலை. “வயித்தைக் கிழிச்ச பயலுக்கு எவன் பொண்ணு தருவான்? வெளிய மூச்சு விடாதலே.” கேட்டவர்களிடமெல்லாம் நான் கொடைரோட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். (கொடைரோட்டில் எனக்கு யாரும் இல்லை.)

காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டார்கள். நுனியில் இரும்புக் குண்டு. “முழுங்குங்க, முழுங்குங்க” என்றார் சிஸ்டர். மில்லில் நூல் கண்டில் சுற்றுவதைத் தினம் பார்ப்பவன் நான். நானே கண்டாவேன் என்று நினைத்ததில்லை. பிறகு வலப்பக்கமாகப் படுக்க வைத்தார். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே பாட்டிலில். அதைப் பாட்டிலில் விடுவதற்கு முன் குழாய் வழியாகப் பேதி உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தார். அதற்குத்தான் உள்ளே அடைத்த கதவு திறக்குமாம்.

“பேசக் கூடாது. ஆடக் கூடாது. வயித்தைக் கலக்குச்சுன்னா கையைத் தூக்குங்க. பெட்பேன் கொண்டு வாரேன்” என்றுவிட்டு, வார்டின் அந்தக் கோடிக்கு ஊசி போடப் போனார். அம்மா காபி வாங்கப் போனாள்.

அப்போது நாச்சிமுத்து மாமா வந்தார்.

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். கையில் குடை. மறு கையில் மலைவாழைச் சீப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டு, சிஸ்டர் இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாமாவுக்குப் பெரிய முதுகு. வார்டு மறைந்துபோனது.

“ஏனுங் மாப்ள, இப்படிக் கெடக்கறீங்?”

“ங்” என்றேன்.

“பேச முடியாதுங்களா? பரவால்லீங். நான் பேசறனுங்.”

பேசினார். தென்னையில் வண்டு விழுந்தது, கிணறு வற்றியது, பங்காளி வரப்பை வெட்டியது. நடுநடுவே எனக்குக் கொண்டுவந்த பழத்தை உரித்து அவரே தின்றார். குனிந்து பாட்டிலைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

“இதுல என்னங் வரோணும்?”

என் மஞ்சள் கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

“கண்ணீருங்களா?”

கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் அடிவயிற்றில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். மாமாவும் சரியாக அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

“சரிங் மாப்ள. வந்த சோலியப் பேசிப்போடலாம். தோப்புக்கு வந்தர்றீங்களா? வாயால சொல்ல வேண்டாமுங். சம்மதம்னா கையைத் தூக்குங். இல்லீன்னா சும்மா கெடங்க, நான் எந்திரிச்சுப் போயர்றேன்.”

சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவுதான். சும்மா இருப்பது எனக்குப் பிறவியிலேயே வரும். கால் விரலை மடக்கினேன். பல்லைக் கடித்தேன். (குழாயைத்தான் கடித்தேன்.) மில்லை நினைத்தேன். சைக்கிளை நினைத்தேன். மோட்டார் வேகம் எடுத்தது.

கையைத் தூக்கினேன். மாமாவின் முதுகைத் தாண்டி சிஸ்டருக்குத் தெரிய வேண்டுமே என்று இரண்டு கையையும் தூக்கினேன்.

“ரெண்டு கையுமுங்களா!”

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. காபியோடு அம்மா வந்தாள்.

“அம்மணி, மாப்ள சம்மதிச்சுட்டாருங்!”

“ஏலே, என்னலே பண்ணித் தொலைச்ச?”

பதில் சொல்ல வாய் இல்லை. நேரமும் இல்லை. கையை உதறிக்கொண்டு ஓடினேன். குழாயும் வந்தது. பாட்டில் உருண்டது. குழாய் பிய்ந்துவிடக் கூடாதே என்று மாமா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். வராந்தாவில் நான், நடுவில் குழாய், பின்னால் மாமா. அவருக்குப் பின்னால் அம்மா. வெளி நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார்.

கக்கூஸ் கதவைச் சாத்த முடியவில்லை. குழாய் நீளம் அம்புட்டுத்தான். நான் உள்ளே. மாமா வாசலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாட்டிலோடு.

திடீரென்று கத்தினார். “வருதுங் மாப்ள! மஞ்சத் தண்ணி வருதுங்! தேனாட்ட வருதுங்!”

சிஸ்டர் ஓடி வந்தார். பாட்டிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். “மாதாவே! பித்தம் இறங்கிருச்சு! கத்தி வேணாம்!” பிறகு கதவிடுக்கில் குனிந்து, “வயித்தைக் கலக்குனா கையைத் தூக்கச் சொன்னேன்ல? ஏன் தூக்கல?” என்றார்.

குழாயை எடுத்ததும் தொண்டையில் குரல் வந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மாமா இன்னும் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல் நின்றிருந்தார். வேட்டியில் மஞ்சளாகத் தெறித்திருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. பாட்டிலைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் பித்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது?

“வந்தர்றேன் மாமா” என்றேன்.

அன்றைக்கு வந்தவன்தான். தோப்பிலேயே தலை நரைத்தது. வீட்டில் எதற்கும் என்னைக் கலந்துகொள்வது உண்டு. “சம்மதம்னா கையைத் தூக்குங்” என்பாள் செல்லாத்தா. பிள்ளைகள் சிரிக்கும். பேரன் பேத்திகளும் பழகிவிட்டார்கள்.

வயதான பிறகு மறுபடியும் கல். கோயம்புத்தூரில் காமிரா வைத்த குழாயை விட்டு, உள்ளேயே பார்த்து, கல்லை இழுத்துவிடலாம் என்றார்கள். சின்ன வயது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கணையம் வீங்கலாம். ரத்தம் கசியலாம். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம்.

“முன்னாடி ட்யூப் விட்டப்போ ஏதாவது பிரச்சினை வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சுங் டாக்டர்” என்றாள் செல்லாத்தா. “எங்க ஊட்டோட வந்துட்டாருங்.”

உள்ளே கொண்டுபோனார்கள். தொண்டையில் மருந்து அடித்தார்கள். நர்ஸ் பெண் காதருகே குனிந்தாள்.

“தாத்தா, ஏதாச்சும் கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க.”

இரண்டு கையையும் இடுப்புக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.