மூன்று தீவு முடிச்சு

கடலுக்கு நடுவே ஐந்துறை என்றொரு நாடு இருந்தது. அங்கே செம்மலர் என்பவளுக்கு ஒரு சின்னச் சிக்கல். நெய்தல் தீவில் அவள் கல்யாணமானவள். பக்கத்து ஆலந்தீவில் கல்யாணமாகாதவள். இரண்டுக்கும் நடுவே படகில் போகும்போது அவள் யார் என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இது எப்படி நேரும் என்று கேட்பீர்கள். அதற்கு அந்த நாட்டின் கயிறுகளைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். ஐந்துறையில் எழுத்து கிடையாது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், சட்டம், முடிசூட்டு எல்லாமே முடிச்சுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசு முடிச்சு. ஐந்து தீவுகளிலும் தீவுக்கொரு மண்டபம், மண்டபத்துக்கு ஒரு நீளக் கயிறு. ஒரு தீவில் முடிச்சு விழுந்தால் படகில் போய்ச் சொல்லி, மற்ற நான்கு கயிற்றிலும் அதே வரிசையில் போடுவார்கள். ஒரு கயிறு அழிந்தாலும் நாடு தன்னை மறந்துவிடாது. என்ன அழகான ஏற்பாடு! காற்று அடிக்காத வரைக்கும்.

செம்மலரின் கல்யாணத்தன்று காற்று அடித்தது. நெய்தலில் விழுந்த முடிச்சு நெய்தலோடு நின்றது. காற்று தணிந்ததும் முதல் படகிலேயே அவள் தன் கணவன் கலியனோடு அவன் ஊரான ஆலந்தீவில் போய் இறங்கினாள். மண்டபக் காவலர் ஊமத்துரை கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“ஏம்மா, இந்தக் கயித்துல உனக்குக் கல்யாணமே ஆகலையே.”

“கழுத்துல பாருங்கண்ணே, தாலி தொங்குது.”

“அது கழுத்துக் கயிறு. நான் கேக்கிறது மண்டபத்துக் கயிறு.”

“அப்ப இவரு யாரு?”

“கயித்தைக் கேட்டா, பக்கத்துல நிக்கிற ஆளு.”

முடிச்சில்லாத ஆணும் பெண்ணும் ஒரே கூரையின்கீழ் தங்கக் கூடாது என்பது சட்டம். கலியன் தன் வீட்டுக்குப் போனான். செம்மலர் அம்மா வீட்டுக்குத் திரும்பினாள். இருவரும் மறுநாளே அரண்மனைத் தீவுக்குப் போய் முறையிட்டார்கள்.

மாமன்னர் நிலைபேறர் முடிச்சுத் துறை அமைச்சர் கம்பீரநாதரைப் பார்த்தார். கம்பீரநாதர் தொண்டையைச் செருமினார். “ஐந்து கயிறும் ஒரே மாதிரி இல்லாததே கோளாறு, மன்னா. இனி ஐந்திலும் விழுந்தால்தான் முடிச்சு. நான்கில் விழுந்தது வெறும் சுருக்கு.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சட்டத்தின் முடிச்சை ஐந்து கயிற்றிலும் போட்டார்கள். மற்ற முடிச்சுகளின் முறை வருவதற்குள், அடுத்த வாரமே பருவம் மாறியது. ஐந்தாவது தீவின் பெயர் சூறைத்தீவு. பருவம் மாறினால் பாதி வருடம் அங்கே படகு போகாது.

செம்மலரின் முடிச்சு நெய்தல், ஆலந்தீவு, மணல்தீவு, அரண்மனைத் தீவு நான்கிலும் விழுந்தது. சூறைத்தீவில் விழவில்லை. ஆகவே அவள் நாடு முழுவதும் கல்யாணமாகாதவளானாள். அவளுக்குத் துணை நிறையப் பேர் சேர்ந்தார்கள். பிறந்த குழந்தைகளுக்குப் பெயர் வைக்க முடியவில்லை. எல்லாரையும் ‘அடுத்தது’ என்று கூப்பிட்டார்கள். மணல்தீவில் செத்துப்போன ஒருவர் சட்டப்படி உயிரோடு இருந்தார். படகுத்துறைத் தலைவர் தேர்தலில் அவர் தவறாமல் ஓட்டும் போட்டார், ஆளுங்கட்சிக்கு.

செம்மலரும் கலியனும் மறுபடி வந்து நின்றார்கள்.

“பொங்கிப்போட ஒரு அடுப்பு, படுக்க ஒரு கூரை. வேற எதுவும் கேக்கலைங்க ராசா,” என்றாள் செம்மலர்.

கம்பீரநாதர் மனம் தளரவில்லை. “ஐந்து கயிறு இருப்பதால்தானே ஐந்தும் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது? ஒன்றே இருந்தால் யாரோடு ஒத்துப்போக வேண்டும்? ஒரே நாடு, ஒரே கயிறு! மற்ற நான்கையும் வெட்டிவிடலாம்.”

மன்னர் கண்கலங்கிப் பாராட்டினார். அரண்மனைக் கயிற்றுக்குப் பட்டு சுற்றி விழா எடுத்தார்கள். வாணவேடிக்கை நடந்தது. ஒரு வாணம் வழி தவறி மண்டபத்துக்குள் போனது. தேங்காய் நார்க் கயிறு எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாம்பலைப் பார்த்து மன்னர் கம்பீரநாதரிடம் கேட்டார். “இதில் என்னென்ன இருந்தது?”

“எல்லாம் இருந்தது, மன்னா. தங்கள் பிறப்பு முடிச்சும் முடிசூட்டு முடிச்சும் இருந்தன. சட்டப்படி பார்த்தால் தாங்கள் இன்னும் பிறக்கவே இல்லை.”

மன்னருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நிர்வாகத்தில் அக்கறை பிறந்தது. “மற்ற நான்கு கயிறு? வெட்டியாகிவிட்டதா?”

“இல்லை, மன்னா. வெட்டும் ஆணை செல்லுபடியாக வேண்டுமானால் அந்த முடிச்சு ஐந்து தீவிலும் விழ வேண்டும். சூறைத்தீவுக்குத்தான் படகு போகவில்லையே.”

படகுகள் பறந்தன. நெய்தல் கயிறு வந்தது. முடிசூட்டு முடிச்சு இருந்தது. ஆலந்தீவுக் கயிறு வந்தது. இருந்தது. மணல்தீவுக் கயிற்றிலும் இருந்தது.

“சூறைத்தீவு இன்னும் பாக்கி, மன்னா. அதுவரை தங்களை ‘அடுத்தது’ என்றுதான்...”

“மூன்று போதும்!” என்று கத்தினார் மன்னர். “ஐந்தில் மூன்று சொன்னால் உண்மைதான்! நானே ஆணையிடுகிறேன்!”

கூட்டத்திலிருந்து செம்மலரின் குரல் வந்தது. “ராசாவுக்கு மூணு போதும்னா எனக்கும் மூணு போதும்ல? அந்த மூணு கயித்துலயும் என் முடிச்சு இருக்கு. தடவிப் பாருங்க.”

ஆலந்தீவுக் கயிற்றோடு வந்திருந்த ஊமத்துரை தடவிப் பார்த்தார். “இருக்கு தாயி,” என்றார். “பக்கத்துல நிக்கிறது உன் வீட்டுக்காரருதான்.”

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கலியன் அங்கேயே தன் மனைவியைத் தூக்கிச் சுற்றினான். மணல்தீவுக்காரர்கள் செத்தவருக்கு ஒருவழியாகக் காரியம் செய்யக் கிளம்பினார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

மூன்று ஏன் போதும்? உங்கள் கையை விரியுங்கள். ஐந்து விரல்கள், ஐந்து தீவுகள். எவையேனும் மூன்றைத் தொடுங்கள். அங்கே முடிச்சு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது வேறு மூன்றைத் தொடப் பாருங்கள். முன்பு தொட்ட ஒரு விரலாவது மறுபடி மாட்டும், இல்லையா? எப்படி மாற்றித் தொட்டாலும் மாட்டும்! முடிச்சு போட்டவர்களுக்கும் கேட்க வந்தவர்களுக்கும் நடுவே, செய்தி தெரிந்த ஒரு தீவாவது எப்போதும் இருக்கும். இரண்டு தீவுகள் புயலில் மறைந்தாலும் நாட்டின் வேலை நிற்காது. நாடு இரண்டு விதமாகப் பேசவும் பேசாது.

கைதட்டல் ஓயவில்லை. கம்பீரநாதர் மன்னரின் காதருகே குனிந்தார். “மன்னா, ஒரு சிறு ஐயம். மூன்று தீவுகள் சேர்ந்தால் வேறொருவருக்கும் முடிசூட்டு முடிச்சு போட்டுவிடலாமே?”

“அதை யாரும் கவனிக்கவில்லையே?”

“கவனித்துவிட்டார்கள், மன்னா. கைதட்டுவதே அதற்குத்தான்.”

அன்று முதல் ஐந்துறையின் சட்டம் இதுதான். ஐந்து கயிறும் இருக்க வேண்டும். மூன்று தீவுகள் ஒத்துக்கொண்டு, வரிசையில் ஒரே இடத்தில் போட்டால் அது முடிச்சு. கேட்பவர் ஏதேனும் மூன்று தீவுகளைக் கேட்க வேண்டும். அவற்றுள் எந்தக் கயிற்றில் முடிச்சுகள் அதிக தூரம் வந்திருக்கின்றனவோ, அது சொல்வதே நடப்பு. காற்றில் அகப்பட்ட தீவு, படகு வந்ததும் விட்ட முடிச்சுகளை வரிசையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மன்னருக்கும் இதே கணக்குதான்.